பிக்சர் டியூபுக்குள் இருந்த பாதி ஆட்டம்

கொச்சியில் ஓடிய மரியோ, ஜப்பானில் ஓடிய மரியோவைவிட மெதுவாகத்தான் ஓடினார். தோப்பும்படிப் பையன்களின் கைவேகத்தைப் பழிக்கவில்லை. கடிகாரம் வைத்து அளக்கக்கூடிய விஷயம் இது. 1985இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில், திரையின் மேல் மூலையில் 400 என்று தொடங்கி ஓர் எண் இறங்கிக்கொண்டே வருமே, அதை நொடி என்றுதான் நாமெல்லாம் நினைத்திருந்தோம். அது நொடிக் கணக்கே இல்லை. டிவித் திரை 24 முறை புதிதாக வரையப்பட்டால் அந்த எண்ணில் ஒன்று குறையும். அந்த ஆட்டத்துக்குத் தெரிந்த காலம் அவ்வளவுதான். ஜப்பானிய டிவி நொடிக்கு 60 முறை வரைந்தது. அங்கே 400 தீர 160 நொடி. நம் டிவி நொடிக்கு 50 முறை வரைந்தது. இங்கே 192 நொடி. மரியோ, ஆமை, நகரும் காளான் எல்லாமே ஆறில் ஒரு பங்கு நிதானம்.

ஏன் அங்கே 60, இங்கே 50? கேள்வியைத் துரத்திக்கொண்டு போனால் அது மின்கம்பத்தில் போய் முட்டுகிறது. அமெரிக்காவில் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி. ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் 50. டிவி பிறந்த காலத்தில் படத்தின் வேகத்தை மின்சாரத்தின் வேகத்தோடு ஒட்டி வைத்தார்கள். இல்லாவிட்டால் திரையில் பட்டை பட்டையாக நிழல் ஊர்ந்துபோகும். ஜப்பான் அமெரிக்க முறையை எடுத்துக்கொண்டது, நாம் ஐரோப்பிய முறையை எடுத்துக்கொண்டோம். எந்தக் காலத்திலோ மின்சாரக்காரர்கள் எடுத்த முடிவு, பல பத்தாண்டு கழித்து ஒரு பொம்மைப் பிளம்பரின் ஓட்டத்தைத் தீர்மானித்தது.

அந்தப் பிளம்பர் நம் ஊருக்கு நேர்வழியில் வந்தவரும் இல்லை. நிண்டெண்டோவின் பெட்டியே இந்தியாவில் ‘சாமுராய்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆனால் 90களில் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைந்தவை அதன் நகல்கள்தான்: ‘மீடியா’, ‘லிட்டில் மாஸ்டர்’ என்று பல பெயர்கள். மத்திய கேரளத்தில் இந்தப் பெட்டிகளுக்கு இரண்டு வழி. ஒன்று, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமாவின் அட்டைப்பெட்டி. இன்னொன்று, எர்ணாகுளம் கடைத்தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்குப் பேர்போன பென்டா மேனகா போன்ற இடங்கள். மாமாவும் இல்லை, கையில் காசும் இல்லை என்றால் மூன்றாவது வழி உண்டு. மணிக்கணக்கில் வாடகைக்கு ஆடவிடும் கடை.

தோப்பும்படியில் அப்படி ஒரு கடையில் என் மாலைகள் போயின. பழைய ஹார்பர் பாலம் இறங்கி மட்டாஞ்சேரிப் பக்கம் திரும்பினால் ஒரு எஸ்.டி.டி. பூத்தின் பின்னறை. மூன்று டிவி, ஒரு டேபிள் ஃபேன், நேரம் பார்க்க ஒரு அலாரம் டைம்பீஸ். நேரம் முடிந்து மணி அடிக்கும்போது எவனாவது ஒருவன் கடைசி அரக்கனின் எதிரில் நின்றுகொண்டிருப்பான். “சேட்டா, ஒரு களி கூடி” (அண்ணா, இன்னும் ஒரே ஒரு ஆட்டம்) என்று அவன் கெஞ்சுவதும், பின்னால் காத்திருப்பவர்கள் கத்துவதும் அன்றாடச் சங்கதி. நான் சொல்லவந்தது அந்தப் பின்னறையின் அருமை பெருமையை இல்லை. அங்கே இருந்த மூன்று டிவிகளில்தான் ஆட்டத்தின் பாதி இருந்தது என்பதை. மீதிப் பாதி மட்டும்தான் கேசட்டில்.

(கேசட் என்று நாம் சொன்ன அந்த மஞ்சள், நீலப் பிளாஸ்டிக் பட்டைக்குள் டேப் எதுவும் கிடையாது, ஒரு பச்சைப் பலகையும் கரிய பிசின் பொட்டுக்குள் புதைந்த சிப்பும்தான். இருந்தாலும் அதைக் கேசட் என்று சொல்லாதவர் யாரையும் நான் பார்த்ததில்லை.)

மரியோவின் வேகத்துக்கு மறுபடி வருவோம், ஏனென்றால் அதற்குள் அழகான பொறியியல் தந்திரம் ஒன்று ஒளிந்திருக்கிறது. பழைய டிவி படத்தை மேலிருந்து கீழாக, கோடு கோடாக வரையும். இந்த ஆட்டப் பெட்டிகள் ஜப்பானிய முறையில் ஒரு படத்துக்கு 262 கோடு வரைந்தன. நம் முறைக்கு 312 கோடு வேண்டும். கூடுதலாக வந்த 50 கோட்டை எங்கே செருகுவது? நிண்டெண்டோ ஐரோப்பாவுக்குச் செய்த பெட்டியில், படம் முடிந்து அடுத்த படம் தொடங்குவதற்கு முன்பான ஓய்வு நேரத்தை நீட்டியது. கூடவே கணக்கிடும் சிப்பின் வேகமும் குறைந்தது: நொடிக்கு 17.9 லட்சம் துடிப்பிலிருந்து 16.6 லட்சத்துக்கு. இசையும் அதே சிப்பிலிருந்துதான் வருகிறது. ஆகவே ஐரோப்பாவுக்கென்று திருத்தாத ஆட்டங்களில் பாட்டு மெதுவாவதோடு ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் மேலாகச் சுருதி இறங்கிப்போனது.

தைவானின் யுஎம்சி நிறுவனத்தார் நகல் சிப் செய்தபோது வேறு வழி யோசித்தார்கள். உலகமெங்கும் இருக்கும் ஜப்பானிய கேசட்டுகள் திருத்தமின்றி இதில் ஓட வேண்டும், அதுதான் அவர்கள் வியாபாரம். 50 கோட்டையும் ஓய்வு மணி அடிப்பதற்கு முன்னால், ஒன்றும் நடக்காத வெற்று நேரமாகச் செருகினார்கள். கேசட்டுக்குள் இருக்கும் நிரலுக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. சிப்பின் வேகத்தையும் நொடிக்கு 17.7 லட்சத்தில் நிறுத்தினார்கள். அசலுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். இதன் பலன் என்ன தெரியுமா? இந்த சிப் இருந்த பெட்டிகளில் மரியோ பாட்டின் சுருதி ஏறக்குறைய அப்படியே இருந்தது, காலப்பிரமாணம் மட்டும் ஆறில் ஒரு பங்கு தளர்ந்தது. இன்று யூடியூபில் அசல் பாட்டைக் கேட்கிற நம் தலைமுறைக்காரர்கள் பலர், இது என்ன இப்படி ஓடுகிறது என்று புருவம் உயர்த்துவது இதனால்தான். அவர்கள் காது பொய் சொல்லவில்லை. அவர்கள் ஆடியது வேறொரு காலத்தில் பாடிய அதே பாட்டு.

இந்தக் கோடு வரைதல்தான் எல்லாவற்றுக்கும் வேர். பிக்சர் டியூபின் பின்கழுத்தில் இருக்கும் ‘எலெக்ட்ரான் கன்’ என்ற பாகத்திலிருந்து எலெக்ட்ரான் கற்றை ஒன்று புறப்பட்டு, திரையின் உட்புறம் பூசிய பாஸ்பர் பூச்சின்மேல் விழுந்து ஒளியை எழுப்புகிறது. கலர் டிவியில் கற்றைகள் மூன்று. இடமிருந்து வலம் ஒரு கோடு, சட்டென்று திரும்பி வந்து அடுத்த கோடு. நம் டிவியில் ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ நொடி. நொடிக்கு 15,625 கோடு. படம் என்று நாம் பார்த்தது எந்தக் கணத்திலும் திரையில் முழுதாக இருந்ததே இல்லை. ஒளிரும் புள்ளி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, அதன் பின்னால் சில கோடுகள் மங்கிக்கொண்டே வருகின்றன. மிச்சத்தை நம் கண் இட்டு நிரப்பிக்கொள்கிறது.

ஒரு படத்தை முழுதாக நினைவில் வைத்திருக்கும் வசதி அன்றைய பெட்டிகளுக்கு இல்லை. நினைவகம் அவ்வளவு விலை. 1977இல் வந்த அட்டாரி 2600இல் இருந்தது மொத்தம் 128 பைட்; இந்தப் பத்தியின் முதல் இரண்டு வாக்கியத்தைக்கூட அதற்குள் எழுத முடியாது. அதனால் நிரலாளர் கற்றையோடு ஓடினார். அடுத்த கோட்டில் என்ன வர வேண்டும் என்பதைக் கற்றை அங்கே போய்ச் சேர்வதற்குள் சொல்லியாக வேண்டும். ஒரு கோட்டுக்கு 76 துடிப்பு, அதற்குள் முடியாவிட்டால் படம் கிழியும். 1983இல் வந்த நிண்டெண்டோ பெட்டியில் படத்தைக் கவனிக்கத் தனி சிப் இருந்ததால் இந்த அவசரம் குறைந்தது. ஆனாலும் திரையில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால், கற்றை அடிக்குப் போய் மறுபடி உச்சிக்கு ஏறும் அந்த இடைவெளியில்தான் மாற்ற முடியும். அதில் கிடைப்பது சுமார் 2,270 துடிப்பு.

கோட்ராவில் குண்டு மழை பொழியும்போது எதிரிகள் மினுக்கி மினுக்கி மறைவார்களே, நினைவிருக்கிறதா? ‘கான்ட்ரா’ என்பதுதான் சரியான உச்சரிப்பு. பின்னறையில் அது கோட்ராதான். டிவி பழுது என்று அதன் மண்டையில் தட்டியவர்கள் உண்டு. பழுது எதுவும் இல்லை. அந்தப் பெட்டியின் பட சிப், ஒரு கோட்டில் எட்டு நகரும் துண்டுகளுக்குமேல் காட்டாது. ஒன்பதாவது வந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. ஒரேயடியாக ஒருவன் மறைந்துபோனால் ஆட்டம் அநியாயமாகிவிடும் என்று, ஒவ்வொரு படத்திலும் வேறொருவனை மறைக்கும்படி எழுதினார்கள். நொடிக்கு 50 முறை ஆள் மாறி ஆள் மறைந்தால் கண்ணுக்கு அது மினுக்கலாகத் தெரியும், எல்லோரும் அரைகுறையாகவாவது தெரிவார்கள். பாஸ்பர் பூச்சின் மிச்ச ஒளியும் கண்ணின் சோம்பலும் சேர்ந்து எட்டைப் பத்தாக்கிக் காட்டின.

இப்படி வறுமையை வித்தையாக்கிய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னும் பழையது. 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. வரிசைக்கு 11 பேராக ஐந்து வரிசை, 55 வேற்றுக்கிரகவாசிகள் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கீழே இறங்குவார்கள். நாம் சுடச்சுட மிஞ்சியவர்கள் வேகம் பிடிப்பார்கள். கடைசி ஒருவன் பறப்பான். வியர்வை வரவழைக்கும் இந்த ஏற்பாட்டுக்கென்று தனியாக வேகக் கணக்கு தேவைப்படவில்லை. அந்த இயந்திரம் ஒவ்வொரு முறை திரை வரையப்படும்போதும் ஒரே ஒருவனை மட்டும் நகர்த்தியது. 55 பேர் இருந்தால் எல்லோரும் ஓர் அடி வைக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி. பத்துப் பேர் என்றால் ஆறில் ஒரு நொடி. ஒருவன் மட்டும் என்றால் நொடிக்கு 60 அடி. இயந்திரத்தின் திணறலே ஆட்டத்தின் பதற்றமாகிவிட்டது. நிஷிகாடோ அதைக் கண்டு திருத்தாமல் விட்டார். அந்த முடிவுக்காகவே அவருக்குச் சிலை வைக்கலாம்.

அந்த ஆட்டத்தின் முதல் இயந்திரங்கள் கறுப்பு வெள்ளைதான். திரைமேல் கலர் தாள் ஒட்டி நிறம் காட்டினார்கள். நம்மூரில் கறுப்பு வெள்ளை கெல்ட்ரான் டிவியின் முன்னால் மேலே நீலம், நடுவே ஆரஞ்சு, கீழே பச்சை என்று ஒரு பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிட்டு, கலர் டிவி வாங்கிவிட்டதாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டவர்களும் அதே தொழில்நுட்பத்தைத்தான் கையாண்டார்கள்.

துப்பாக்கிக்கு வருவோம். ‘டக் ஹன்ட்’, வாத்து சுடும் ஆட்டம். துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் போய் டிவியில் படுகிறது என்றுதான் கடையில் எல்லோரும் நம்பினோம். நடப்பது நேர்த் தலைகீழ். துப்பாக்கி எதையும் அனுப்புவதில்லை, அது பார்க்கிறது. குழலுக்குள் இருப்பது ஒரு சின்ன ஒளி உணரி. விசையை இழுத்ததும் ஒரே ஒரு படத்துக்குத் திரை முழுக்கக் கறுப்பாகும். அடுத்த படத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம். இரண்டு வாத்து என்றால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சதுரம். வருகைப் பதிவேட்டை வாசிக்கும் வாத்தியார் போல ஆட்டம் ஒவ்வொரு சதுரமாகக் கூப்பிடுகிறது. எந்தச் சதுரத்தின்போது துப்பாக்கி ‘உள்ளேன் ஐயா’ என்கிறதோ, அந்த வாத்து விழும். எல்லாம் நொடியின் சின்னஞ்சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். திரை ஒரு கணம் பளிச்சென்று வெட்டியதை நாம் துப்பாக்கி வெடித்ததன் அழகு என்று எடுத்துக்கொண்டோம்.

கள்ளத்தனம் செய்பவனுக்கும் ஏற்பாடு இருந்தது. துப்பாக்கியை குண்டு பல்பின் பக்கம் திருப்பினால் எப்போதும் வெளிச்சம்தானே? அதற்குத்தான் முதலில் அந்தக் கறுப்புப் படம். கறுப்பின்போதும் வெளிச்சம் தெரிந்தால் கணக்கில் சேராது. அதோடு நிற்காமல், துப்பாக்கிக்குள் இருந்த மின்சுற்று நொடிக்குச் சுமார் 15,000 முறை துடிக்கும் வெளிச்சத்துக்கு மட்டுமே செவிசாய்க்கும்படி அமைந்திருந்தது. உலகத்தில் அந்த வேகத்தில் துடிக்கும் வெளிச்சம் வேறெது? கோடு கோடாக ஓடும் பிக்சர் டியூபின் கற்றை மட்டும்தான். ஜப்பானில் நொடிக்கு 15,734 கோடு, நமக்கு 15,625. பட வேகம் மாறினாலும் கோட்டின் வேகம் ஏறக்குறைய ஒன்றே என்பதால், அங்கே செய்த துப்பாக்கி தோப்பும்படியிலும் வாத்தை வீழ்த்தியது.

இன்று அதே பெட்டியை, அதே துப்பாக்கியை எல்இடி டிவியில் மாட்டிச் சுட்டுப் பாருங்கள். ஒரு வாத்தும் விழாது. புதுத் திரைக்கு ஓடும் கற்றை கிடையாது. துப்பாக்கி எதிர்பார்க்கும் துடிப்பும் கிடையாது. போதாக்குறைக்கு, வந்த படத்தைப் பெரிதாக்கி மெருகூட்டிக் காட்ட அது எடுக்கும் நேரத்தில் ஆட்டம் வருகைப் பதிவேட்டை மூடிவிடும். கேசட் பத்திரமாக இருக்கிறது, துப்பாக்கியும் இருக்கிறது, ஆட்டம் இல்லை.

துப்பாக்கி இல்லாத ஆட்டங்களிலும் இழப்பு உண்டு, கொஞ்சம் நுட்பமானது. பிக்சர் டியூபில் ஒரு புள்ளி பளிச்சிட்டுச் சட்டென்று மங்கிவிடும். அடுத்த படம் வரும்வரை அந்த இடம் ஏறக்குறைய இருட்டு. எல்இடி திரையோ அடுத்த படம் வரும்வரை இதே படத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஓடும் மரியோவைப் பின்தொடர்ந்து நம் கண் வழுக்கிக்கொண்டே போகிறது. படமோ ஒரு கணம் நின்று, பிறகு தாவுகிறது. நிற்கும் படத்தின்மேல் கண் நகர்ந்தால் விழித்திரையில் அது தீற்றலாகத்தான் விழும். பழைய டிவியில் நிற்பதற்கே படம் இல்லை, வெறும் மின்னல். அதனால் தீற்றலும் இல்லை. புதுத் திரையில் பழைய ஆட்டம் ஏனோ குழகுழவென்று இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு வயதாகிவிட்டது என்று கேலி செய்வது எளிது. அவர்கள் சொல்வது ஒளியியல்.

டேப் கேசட்டிலிருந்து ஆட்டம் ஏற்றிய கணினிகளின் கதையும் உண்டு, ஆனால் அதை நம் நாட்டில் பார்த்தவர்கள் குறைவு. 1984இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது பிரிட்டனின் பிபிசி மைக்ரோவைத் தேர்ந்தெடுத்தது; மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதை இங்கேயே ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் செய்தது. அதே ஆண்டில் அதே பிபிசி மைக்ரோவுக்காக இரண்டு மாணவர்கள், டேவிட் பிராபெனும் இயன் பெல்லும், ‘எலைட்’ என்ற விண்வெளி வணிக ஆட்டத்தை எழுதி வெளியிட்டார்கள். அதில் திரையின் மேற்பகுதி கூர்மையான கறுப்பு வெள்ளை. கீழே உள்ள கருவிப் பலகை மட்டும் நான்கு நிறம். அந்தக் கணினியில் ஒரே திரையில் இரண்டு விதமாகக் காட்டுவதற்கு வழியே கிடையாது. கற்றை சரியாகப் பலகையின் உச்சிக்கு வந்து சேரும் கணத்தைக் கணித்து, பாதித் திரையில் கணினியின் முறையையே மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும், நொடிக்கு 50 முறை. நம் அரசு பாடம் நடத்த வாங்கிய இயந்திரத்துக்குள் இவ்வளவு குறும்புக்கு இடம் இருந்தது.

1988இல் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் இந்தியாவில் விற்ற ஸ்பெக்ட்ரம் கணினியில் இந்தக் கற்றை விளையாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாதாரண டேப் ரிக்கார்டரிலிருந்து ஆட்டம் ஏறும்போது, கீச்சென்ற சத்தத்தோடு திரையின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாகப் பட்டைகள் துள்ளும். அலங்காரத்துக்கு வைத்ததில்லை. டேப்பிலிருந்து துடிப்பு மாறும்போதெல்லாம் ஓர நிறத்தை மாற்று என்பது கட்டளை. அந்தச் சமயத்தில் கற்றை எங்கே ஓடிக்கொண்டிருந்ததோ அங்கிருந்து நிறம் மாறியது. உள்ளே ஏறிக்கொண்டிருந்த நிரலே திரை ஓரத்தில் பட்டையாகத் தெரிந்தது. சத்தமாகக் காதிலும் நிறமாகக் கண்ணிலும் ஒரே தகவல். 48 கிலோபைட் ஏற ஐந்து நிமிடம்போல ஆகும், நடுவில் தவறினால் முதலிலிருந்து.

தோப்பும்படியில் தவறுவதற்கு வேறு காரணம் இருந்தது: காற்று. ஒரு பக்கம் காயல், மறு பக்கம் அரபிக்கடல், நடுவில் மீன்பிடித் துறைமுகம். மேற்குக் கொச்சியில் எந்த உலோகமும் நிம்மதியாக இருக்காது. சைக்கிள் ஸ்போக்கும் கேசட்டின் பற்களும் ஒரே கதி. ஜப்பானிய வடிவக் கேசட்டுக்கு 60 பல். மலிவு நகல்களில் பற்களின்மேல் பூச்சு மெல்லிசாக இருக்கும், தாமிரம் எட்டிப்பார்க்கும், ஒரே மழைக்காலத்தில் பழுப்பேறி விளிம்பில் பச்சை படியும். ஒரு பல் தொடாவிட்டால்கூட திரையில் மரியோவுக்குப் பதில் கட்டம் கட்டமாகக் குப்பை. உலகத்துக் குழந்தைகள் எல்லோரும் செய்ததையே நாங்களும் செய்தோம்: உருவி, வாயால் ஊதி, மறுபடி செருகினோம். ஊதியதால் வேலை செய்தது என்றே நம்பினோம். பெரும்பாலும் வேலை செய்தது உருவிச் செருகியதால். உரசலில் படலம் கொஞ்சம் வழிவிடும். ஊதும் மூச்சில் ஈரம் இருப்பதால் துரு கூடத்தான் செய்யும், வேண்டாம் என்று நிண்டெண்டோவே எச்சரித்தது. கடைக்காரச் சேட்டன் ஊத விடமாட்டார். பேனா மை அழிக்கும் ரப்பரின் நீல முனையால் பற்களை ஒரே திசையில், அடியிலிருந்து நுனிக்கு, மெல்லத் தேய்ப்பார். அந்த முனையில் நுண்ணிய உராய்பொருள் கலந்திருக்கும். படலம் போய்த் தாமிரம் சிவப்பாகப் பளபளக்கும். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, பெட்டி பழசாகிறது, டிவி மாறுகிறது. நமக்குள்ளே என்ன மிஞ்சுகிறது? இதற்கு ஒரு துணுக்குப் பதில், எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2019இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெஸ்ஸி கோமஸும் கூட்டாளிகளும் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுவயதில் கேம் பாயில் போக்கிமான் ஆடித் தீர்த்த 11 பேர், ஆடாத 11 பேர். இரு தரப்பையும் எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்துப் படங்களைக் காட்டினார்கள். ஆடியவர்களின் மூளையில், காதுக்குப் பின்புறம் கொஞ்சம் கீழே இருக்கும் ஒரு மடிப்பு, போக்கிமான் உருவங்களுக்குத் தனியாகக் கிளர்ந்தது. அந்த மடிப்பின் இடமும் ஆளுக்கு ஆள் மாறவில்லை.

ஏன் அங்கே? ஆய்வாளர்கள் சொல்லும் காரணம்தான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. கேம் பாயின் திரை உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. எல்லாக் குழந்தைகளும் அதை ஏறக்குறைய ஒரே தூரத்தில் பிடித்து, உருவங்களைப் பார்வையின் நட்ட நடுவில் வைத்துப் பார்த்தார்கள். நடுப்பார்வையில் விழுவதைக் கையாளும் மூளைப் பகுதியில்தான் அந்தத் தடம் பதிந்தது. ஆட்டம் எது என்பதோடு, திரை எவ்வளவு பெரியது, எவ்வளவு தள்ளி இருந்தது என்பதும் சேர்ந்தே மூளையில் எழுதப்பட்டிருக்கிறது. இதைத் தோப்பும்படிப் பின்னறைக்கு அப்படியே நீட்டக்கூடாது. நாங்கள் போக்கிமான் ஆடவில்லை, எங்களை யாரும் எம்ஆர்ஐக்குள் படுக்கவைக்கவும் இல்லை. ஆனால் பழைய ஆட்டத்தைப் பெரிய திரையில் போட்டவுடன் ‘இது அது இல்லை’ என்று ஒரு குரல் கேட்கிறதே, அதை வெறும் ஏக்கம் என்று ஒதுக்க எனக்கு இனி மனம் வராது.

அந்தக் குரலிலும் ஒரு பகுதி காது சம்பந்தப்பட்டது. நொடிக்கு 15,625 கோடு என்றேன். அந்த வேகத்தில் கற்றையை இழுத்தடிக்கும் டிரான்ஸ்பார்மரும் அதே வேகத்தில் அதிரும். 15,625 ஹெர்ட்ஸில் மெல்லிய ஊசிக் கீச்சொலி. அடுத்த அறையில் யாராவது டிவி போட்டால், ஒலியைச் சுத்தமாகக் குறைத்திருந்தாலும் சிறுவர்களுக்குத் தெரிந்துவிடும், அப்பாக்களுக்குத் தெரியாது. குழந்தையின் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். நடுவயதில் பலருக்கு 15,000க்குக் கீழே வந்துவிடுகிறது. ஆக, பழைய டிவியைத் தேடிப் பிடித்து, தைவான் சிப் போட்ட பெட்டியை மாட்டி, வாத்தும் சுட்டாலும், அந்தப் பின்னறையில் எந்நேரமும் பின்னணியில் இருந்த ஓர் ஒலி நமக்குக் கேட்காது. கூட ஒரு பத்து வயதுப் பிள்ளை இருந்தால் காதைப் பொத்திக்கொள்ளும்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, உறவினர் வீட்டிலோ அப்படி ஒரு டிவி இன்னும் இருந்தால் அதைக் காயலான் கடையில் போடுமுன் இரண்டு காரியம் செய்து பாருங்கள். கலர் டிவியாக இருந்தால், ஓடும்போது திரையில் ஈர விரலால் ஒரு சின்னத் துளி வையுங்கள். துளி பூதக்கண்ணாடியாகி, வெள்ளையாகத் தெரிந்த இடம் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளாகப் பிரிந்து தெரியும். பிறகு மொபைல் கேமராவை ஸ்லோமோஷனில், நொடிக்கு 240 படம் என்று வைத்துத் திரையைப் பிடியுங்கள். முழுப்படம் எங்கும் இருக்காது; ஒளிரும் பட்டை ஒன்று மேலிருந்து கீழே உருண்டுபோகும், மற்ற இடமெல்லாம் இருட்டு. கையில் 960 எடுக்கும் போன் இருந்தால் பட்டை இன்னும் மெலிந்து தெரியும். பின்மூடியை மட்டும் கழற்றிவிடாதீர்கள். கலர் டியூபுக்குள் 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஓடியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிப் பல நாள் ஆனாலும் கண்ணாடியில் அது கொஞ்சம் தேங்கி நிற்கும்.